வாலிபரும் விசுவாசமும்: வேதசாட்சி தேவசகாயம் காட்டிய வழி



நம் வாலிபரில் பலர் இன்று ஊரில் இல்லை. சிலர் தினமும் பஸ் ஏறிக் கும்பகோணத்துக் கல்லூரிக்குப் போய் வருகிறார்கள். சிலர் சென்னையிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். கடல் கடந்து அரபு நாடுகளில் பிழைப்பவர்களும் உண்டு. வீட்டிலிருந்து கைபேசியில் பேசும் தாய், "சாப்பிட்டாயா? சம்பளம் போட்டார்களா?" என்று கேட்கிறாள். கேட்க வேண்டியதுதான். ஆனால், "ஞாயிறு பூசை கண்டாயா?" என்று கேட்கும் தாய் தந்தையர் நம்மில் எத்தனை பேர்? ஞானஸ்நானப் புத்தகத்தில் பெயர் இருக்கிறது. கோவிலில் ஆளைக் காணோம். இந்த நிலை பல வீடுகளில் உண்டு என்பதை நீங்களே அறிவீர்கள்.

வெளியே போன வாலிபர் இரண்டு வகையாய்த் தவறிப்போகக் கூடும். ஒருவன், தான் கிறிஸ்தவன் என்று பிறர் அறிந்தால் கேலி செய்வார்களோ என்று அஞ்சி, கழுத்தில் கிடந்த ஜெபமாலையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறான். மற்றொருவனோ, கண்டவரிடமெல்லாம் வாதாடி, பிறருடைய தெய்வங்களைப் பழித்துப் பேசி, அதுவே வேத ஊழியம் என்று எண்ணிக்கொள்கிறான். முதலாமவன் விளக்கை மரக்காலின்கீழ் மூடி வைக்கிறான். இரண்டாமவன் அதே விளக்கால் அடுத்தவன் கூரையைக் கொளுத்துகிறான். இருவராலும் யாருக்கும் வெளிச்சம் இல்லை.

அப்படியானால் விசுவாசத்தை அனுசரிப்பது எப்படி? அதைப் பிறரோடு பகிர்ந்துகொள்வது எப்படி? இதற்கு நம் தமிழ்நாட்டு மண்ணிலேயே ஒரு மாதிரிகை உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்த வேதசாட்சி தேவசகாயமே அவர். அவர் குருவானவர் அல்லர், சந்நியாசியும் அல்லர். மனைவியோடு வாழ்ந்த சம்சாரி, அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர். 2022-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் தேதி பரிசுத்த பிதா பிரான்சிஸ் அவரை அர்ச்சியசிஷ்டவராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலை விசுவாசிகளில் இந்த மகிமையை முதலில் பெற்றவர் அவரே. அவருடைய சரித்திரத்தை ஐந்து படிகளாகப் பார்ப்போம்.

1. சிநேகிதனுடைய துக்கம்

தேவசகாயத்தின் முதற்பெயர் நீலகண்டன். 1712-ஆம் ஆண்டு பிறந்தவர். திருவிதாங்கூரை மார்த்தாண்டவர்மர் ஆண்ட காலத்தில் பத்மநாபபுரம் அரண்மனையில் பணிபுரிந்து வந்தார். 1741-ஆம் ஆண்டு குளச்சலில் திருவிதாங்கூர்ப் படைக்கும் டச்சுக் கம்பெனியின் படைக்கும் யுத்தம் நடந்தது. டச்சுக்காரர் தோற்றனர். சிறைப்பட்டவர்களில் டிலனாய் என்ற ஒரு கத்தோலிக்க வாலிபர் இருந்தார். அவருடைய போர்த்திறமையைக் கண்ட அரசர் அவரைத் தம்முடைய படைக்குப் பயிற்சியளிக்கும் வேலையில் அமர்த்தினார். நீலகண்டனுக்கும் டிலனாய்க்கும் வேலையின் நிமித்தம் பழக்கம் ஏற்பட்டு, அது சிநேகமாக வளர்ந்தது.

அந்த நாட்களில் நீலகண்டனுடைய குடும்பத்தில் நஷ்டத்தின்மேல் நஷ்டம் வந்தது. அவர் முகம் வாடியிருப்பதைக் கண்ட டிலனாய் காரணத்தை விசாரித்தார். சகலத்தையும் இழந்தும் சர்வேசுரனை விட்டு விலகாத யோபு என்ற நீதிமானுடைய சரித்திரத்தை எடுத்துச் சொன்னார். நீலகண்டனுடைய இருதயம் அசைந்தது. அன்று தொடங்கிய சம்பாஷணை பல நாள் நீடித்தது.

பிள்ளைகளே, இங்கே சற்று நில்லுங்கள். அப்போது டிலனாய்க்கு ஏறக்குறைய 30 வயது. நீலகண்டனுக்கு அதைவிடச் சற்று அதிகம். இரண்டு வாலிபர், ஒரே இடத்து வேலை. பேசியவர் குருவானவர் அல்லர். போதாக்குறைக்கு, அந்நிய தேசத்தில் அகப்பட்ட யுத்தக் கைதி; வாயை மூடிக்கொண்டு பிழைத்திருக்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் கூட்டம் கூட்டவில்லை, தர்க்கம் பண்ணவும் இல்லை. சிநேகிதன் துக்கப்பட்டபோது கூட உட்கார்ந்தார். தன்னைத் தேற்றியது எதுவோ அதையே அவனுக்கும் சொன்னார். உங்கள் விடுதி அறையில் பரீட்சையில் தோற்றுப் படுத்துக் கிடக்கும் ஒரு தோழன் இல்லையா? தந்தையின் கடனை நினைத்து இரவில் தூங்காமல் புரளும் ஒரு தொழிலாளி உங்கள் பக்கத்துப் படுக்கையில் இல்லையா? வேத ஊழியம் தொடங்கும் இடம் அதுதான். முதலில் அவன் சொல்வதைக் கேளுங்கள். பிறகு பேசுங்கள்.

2. ஆராய்ந்து ஏற்றுக்கொண்ட விசுவாசம்

நீலகண்டன் ஞானஸ்நானம் பெற விரும்பினார். டிலனாய் அவரைத் திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளத்துக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் சேசு சபைக் குருவானவர் புத்தாரி சுவாமியார். மக்கள் பரஞ்சோதிநாதர் என்று அழைத்தது அவரைத்தான். 1745-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் தேதி நீலகண்டன் தேவசகாயம் என்ற நாமத்தோடு ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரின் தமிழ் உருவமே அது.

உத்தியோகத்துக்கும் உயிருக்கும் ஆபத்து வரும் என்று தெரிந்தே அவர் அந்தப் படியில் கால் வைத்தார். நாமோ கைக்குழந்தைகளாய் இருக்கையில் ஞானஸ்நானம் பெற்றோம். அது பெரிய வரம். ஆனால் தாய் தகப்பன் நமக்காகச் சொன்ன வார்த்தையை ஒரு நாள் நாமே நம் வாயால் சொல்ல வேண்டும். உறுதிப்பூசுதல் என்ற தேவ அநுமானம் அதற்காகவே அளிக்கப்படுகிறது. புதுச்சட்டை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு, அதன்பின் ஞானோபதேச வகுப்புக்கு முழுக்குப் போடும் சடங்காக அதை ஆக்கிவிடலாமா?

3. முதலில் தன் வீடு

தேவசகாயம் தம்முடைய புது விசுவாசத்தை முதலில் யாரிடம் சொன்னார்? தம் மனைவி பார்கவியிடம். அந்த அம்மாள் தொடக்கத்தில் தயங்கினாள். உறவினர் என்ன சொல்வார்களோ, குடும்பம் என்னவாகுமோ என்ற பயம் அவளுக்கு. கணவர் பொறுமையாய் எடுத்துச் சொன்னார். அவளும் மனம் தெளிந்து வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ என்ற பெயரைத் தரித்துக்கொண்டாள்.

சுவிசேஷத்திலும் இந்த முறைமையைக் காண்கிறோம். பெலவேந்திரர் சேசுநாதரைக் கண்டவுடன் முதலில் தேடிப் போனது தம் சொந்தச் சகோதரனாகிய சீமோனைத்தான். வெளியே சாட்சி சொல்வது சுலபம். வீட்டில் சொல்வது கடினம். ஏனெனில் வீட்டாருக்கு நம் கோபமும் தெரியும், சோம்பலும் தெரியும். ஆகையால் வாலிபனே, வீட்டில் மாலை ஜெபம் நின்றுபோயிருந்தால், "நான் தொடங்குகிறேன், வாருங்கள் அம்மா" என்று நீயே சொல். பாட்டியால் நடந்து கோவிலுக்கு வர முடியாவிட்டால், உன் மோட்டார் சைக்கிளில் பத்திரமாக ஏற்றிக்கொண்டு வா. அதைவிடப் பெரிய பிரசங்கம் உன் வீட்டாருக்கு வேண்டியதில்லை.

4. ஒரே பந்தி

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசப்பாய் இருக்கலாம். ஆனாலும் சொல்லாமல் விட முடியாது.

தேவசகாயம் உயர்ந்த குலம் என்று எண்ணப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். தீண்டத்தகாதவர் என்று அக்காலத்தார் ஒதுக்கி வைத்த ஜனங்களோடு, ஞானஸ்நானத்துக்குப்பின் அவர் சமமாகப் பழகினார். அவர்களோடு உட்கார்ந்து உண்டார். சர்வேசுரனுக்கு முன்பாக எல்லா மனிதரும் சமம் என்பதை அவர் வாயால் போதித்ததோடு நிற்கவில்லை. மேல்குலத்தார் அவர்மேல் கொண்ட பகைக்கு இதுவும் ஒரு காரணம். அவரை அர்ச்சியசிஷ்டவராக உயர்த்தும் விசாரணை நடக்கையில், பெயரோடு சேர்ந்திருந்த பிள்ளை என்ற சாதிப் பட்டத்தைத் திருச்சபை நீக்கிவிட்டது. இன்று பீடத்தில் அவருக்குத் தேவசகாயம் என்பது மட்டுமே பெயர்.

ஆனால் வடக்கன்குளத்தின் பிற்காலச் சரித்திரம் நம்மைத் தலைகுனியச் செய்கிறது. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊரில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழும்பிய கோவில், சாதிக்கொரு பக்கமாக இரண்டு கிளைகளோடு கட்டப்பட்டது. நடுவே சுவர் இருந்தது. ஒரே பீடம், ஒரே திவ்விய நற்கருணை. பார்ப்பதற்கு இரண்டு ஜனங்கள்! 1910-ஆம் ஆண்டில்தான் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது.

கல்லால் கட்டிய சுவரை இடித்துவிட்டார்கள். நம் மனதில் உள்ள சுவர் இடிந்ததா? திருவிழாவில் தேர் எந்தத் தெரு வழியாய்ப் போவது என்பதில் சண்டை இல்லையா? கல்லறையில்கூட இடம் பிரிக்கும் வழக்கம் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களிடம் இல்லையா? கையில் சாதிக்கயிறு கட்டிக்கொண்டு, அதே கையை நற்கருணை வாங்க நீட்டும் வாலிபன் என்ன சாட்சி சொல்ல முடியும்? "உங்கள் வேதம் எல்லாரையும் சகோதரர் என்கிறதே, உங்கள் கோவிலில் அப்படியா?" என்று கல்லூரித் தோழன் கேட்டால், அவனுக்கு நீ என்ன பதில் சொல்வாய்? இந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் பதில் இல்லை. நம் பந்தியில்தான் இருக்க வேண்டும்.

5. கிரயம்

1749-ஆம் ஆண்டு தேவசகாயம் கைது செய்யப்பட்டார். ஏறக்குறைய மூன்று வருஷம் பாடுபட்டார். எருமையின்மேல் ஏற்றி, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராய்க் கொண்டுபோனார்கள். அடித்தார்கள், காயங்களில் மிளகாய்ப்பொடி தடவினார்கள். பெருவிளை என்னும் ஊரில் வேப்பமரத்தில் கட்டி வைத்தார்கள். ஆனால் நடந்தது என்ன? அவமானப்படுத்தவென்று நிறுத்திய இடத்துக்கே ஜனங்கள் ஆறுதல் தேடி வரத் தொடங்கினார்கள். ஒரு காலத்தில் டிலனாய் அவர் அருகில் உட்கார்ந்து தேற்றினாரே, அதுபோலவே இப்போது கட்டுண்டிருந்த தேவசகாயம் வந்தவர்களைத் தேற்றினார். தாம் பெற்றுக்கொண்டதையே பிறருக்குக் கொடுத்தார்.

கடைசியாக 1752-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழிக்கு அருகேயுள்ள காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது வயது 39. அவருடைய திருஉடல் எஞ்சிய பாகங்கள் கோட்டாறு சவேரியார் கோவிலில் அடக்கம் செய்யப்பட்டன. 2025-ஆம் ஆண்டில் அவர் இந்தியப் பொதுநிலை விசுவாசிகளின் பாதுகாவலராகவும் ஏற்படுத்தப்பட்டார்.

நம்மை யாரும் எருமையில் ஏற்றப்போவதில்லை. நமக்கு வரும் கிரயம் சின்னது: ஒரு கேலிச் சிரிப்பு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேர ஊதியம், லஞ்சம் வாங்க மறுத்ததால் தள்ளிப்போகும் ஒரு பதவி. இந்தச் சின்னக் காசைக் கொடுக்கவும் கை வரவில்லையென்றால், வேதசாட்சியின் படத்துக்கு மாலை போட்டு ஆகவேண்டியது என்ன?

நம் ஊருக்கு இந்தப் பாடம்

திருப்பனந்தாளில் நாம் சிறு மந்தை. நம்மைச் சுற்றிலும் பக்தியின் அருமை அறிந்த ஜனங்கள் வாழ்கிறார்கள். சாய்ந்திருந்த சிவலிங்கத்தை நிமிர்த்தத் தம் கழுத்தில் கயிற்றைக் கட்டி இழுத்த குங்கிலியக் கலய நாயனாரின் கதை இவ்வூர்க் கோவிலோடு சேர்ந்தது. இங்குள்ள காசி மடம் தமிழ் நூல்களை வெளியிட்டும் கல்விக்குத் தருமம் செய்தும் பேர் பெற்றது. ஆகையால் நம் அயலாருக்கு முழுமனதான பக்திக்கும் அரைமனதுக்கும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். பூசை நேரத்தில் கோவிலுக்கு வெளியே நின்று கைபேசி பார்க்கும் கிறிஸ்தவ வாலிபனைப்பற்றி அவர்கள் என்ன நினைப்பார்கள்? அவர்கள் பக்தியை இகழவேண்டாம். நம் பக்தியை அவர்கள் மதிக்கும்படி நடந்துகொள்வோம்.

கொள்ளிடத்துக்கு வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர், இத்தாலியிலிருந்து வந்தவராயினும், தமிழை நேசித்துக் கற்று, அர்ச். சூசையப்பர்மேல் தேம்பாவணி பாடினார். அவரைப் போன்ற குருக்கள் அக்காலத்தில் வெகு சொற்பம். கிராமம் கிராமமாய் விசுவாசத்தைக் காத்து வளர்த்தவர்கள் பெரும்பாலும் உபதேசியார்களே. அவர்கள் நம்மைப்போன்ற பொதுநிலை மக்கள். ஜெபமும் ஞானோபதேசமும் அவர்கள் வாய்வழியே நம் முன்னோருக்கு வந்தன.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. டெல்டாவில் பிறந்த உங்களுக்கு நாற்றங்காலைப்பற்றி நான் சொல்லித் தரவேண்டியதில்லை. நாற்று நன்றாய் இருந்தால், பறித்து நட்ட வயலில் சில நாள் துவண்டாலும் வேர் பிடித்துப் பச்சை கட்டிவிடும். நாற்றே சோடையாய் இருந்தால், எவ்வளவு தண்ணீர் பாய்ச்சியும் பயன் இல்லை. பிள்ளைகள் நம்மோடு இருக்கும் 17, 18 வருஷமே நாற்றங்கால். பிறகு பறித்து வேறு வயலில் நடப்போகிறோம். ட்யூஷனுக்கு நேரம் தவறாமல் அனுப்பும் நாம், ஞானோபதேச வகுப்பு என்றால் மட்டும், "இன்று ஒரு நாள் போகாவிட்டால் என்ன?" என்கிறோம். நடவு முடிந்தபின் நாற்றங்காலுக்கு எரு போட்டு என்ன பிரயோசனம்?

சில கேள்விகளும் விடைகளும்

கேள்வி: எனக்கு வேதம் அவ்வளவாகத் தெரியாது. நான் எப்படிப் பிறருக்குச் சொல்வேன்?

விடை: தெரிந்ததைச் சொல். டிலனாய் சொன்னது யோபுவின் சரித்திரம் ஒன்றுதான். தெரியாததைக் கேட்டால், "தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்வதில் அவமானம் இல்லை. ஆனால் விசாரிக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு சுவிசேஷ அதிகாரம் வாசித்தால், மத்தேயு சுவிசேஷத்தின் 28 அதிகாரங்களும் ஏழு மாதத்துக்குள் முடிந்துவிடும்.

கேள்வி: பிற சமயத்தாரிடம் நம் விசுவாசத்தைப்பற்றிப் பேசுவது அவர்களை மயக்கி இழுப்பதாகாதா?

விடை: பலவந்தம், பணம், பயமுறுத்தல், பழிப்பு ஆகிய இவற்றால் செய்தால் அது பாவம். மனச்சாட்சியைப் பலவந்தப்படுத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டில் வெளியிட்ட சமய சுதந்திர அறிக்கையில் தெளிவாய்ப் போதித்திருக்கிறது. நம் தேசத்து அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, பொது ஒழுங்குக்கு உட்பட்டு, மனச்சாட்சியின் சுதந்திரத்தையும், தன் சமயத்தை அனுசரிக்கவும் எடுத்துரைக்கவும் உள்ள உரிமையையும் எல்லாருக்கும் அளிக்கிறது. நமக்குள்ள உரிமை அயலானுக்கும் உண்டு. அவன் தன் விசுவாசத்தைப்பற்றிச் சொன்னால் நாமும் மரியாதையாய்க் கேட்போம். நம்பிக்கைக்குக் காரணம் கேட்பவருக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் பதில் சொல்லவேண்டும் என்பதே அர்ச். இராயப்பர் தம் முதல் நிருபத்தில் தரும் புத்திமதி. மனம் திருப்புவது சர்வேசுரனுடைய வேலை. சிநேகமாய் இருப்பது நம் வேலை.

கேள்வி: நான் இன்னும் சிறுபிள்ளை. பெரியவனான பிறகு பார்த்துக்கொள்ளலாமே?

விடை: இத்தாலியின் மிலான் நகரில் வாழ்ந்த கார்லோ அக்குத்திஸ் என்ற சிறுவன் 2006-ஆம் ஆண்டு இரத்தப் புற்றுநோயால் இறந்தபோது வயது 15. தினமும் பூசை காண்பது அவன் வழக்கம். கம்ப்யூட்டரில் அவனுக்கு இருந்த திறமையை நற்கருணை அற்புதங்களைப்பற்றிய விவரங்களைத் திரட்டி வெளியிடப் பயன்படுத்தினான். அவன் வீட்டில் வேலை பார்த்த மொரீஷியஸ் தீவைச் சேர்ந்த இந்து ஒருவர், அந்தப் பிள்ளையின் நடத்தையையும் பேச்சையும் பல நாள் கவனித்து, தாமே விரும்பி ஞானஸ்நானம் பெற்றார். பரிசுத்த பிதா பதினான்காம் லியோ 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி கார்லோவை அர்ச்சியசிஷ்டவராக அறிவித்தார். வயது தடையல்ல.

கேள்வி: வெளியூரில் தனியாய் இருக்கிறேன். விசுவாசத்தில் குளிர்ந்து போகிறேன். என்ன செய்ய?

விடை: போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே பக்கத்துக் கத்தோலிக்கக் கோவிலைத் தேடிப் பிடி. அங்குள்ள பங்குக் குருவிடம் உன் பெயரையும் ஊரையும் சொல். ஒரு கத்தோலிக்கத் தோழனையாவது சேர்த்துக்கொள். ஒற்றைக் கரி சீக்கிரம் அணைந்துபோகும். இரண்டு கரிகள் சேர்ந்தால் கனன்றுகொண்டிருக்கும்.

இந்த வாரத் தீர்மானங்கள்

வாலிபருக்கு: துக்கத்திலோ நெருக்கடியிலோ இருக்கும் ஒரு தோழனை இந்த வாரம் தேடிப் போங்கள். அரை மணி நேரம் அவன் பேசக் கேளுங்கள். திரும்பி வந்து அவன் பெயரைச் சொல்லி ஒரு பத்துமணி ஜெபமாலை சொல்லுங்கள்.

பெற்றோருக்கு: வெளியூரில் உள்ள பிள்ளையோடு பேசும்போது பூசையைப்பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். அதட்ட வேண்டாம், அன்பாய்க் கேளுங்கள். "இன்றைக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்றும் சொல்லுங்கள்.

குடும்பம் முழுவதற்கும்: இதுவரை உங்கள் வீட்டுப் பந்தியில் உட்காராத ஒருவரை, வேறு தெருக்காரரை, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அழையுங்கள். தேவசகாயத்தின் பக்தர் என்று சொல்லிக்கொள்ள அதுதான் அடையாளம்.

வேதசாட்சியாகிய அர்ச். தேவசகாயத்தின் மன்றாட்டினாலே, சர்வேசுரன் நம் வாலிபரைத் தைரியத்திலும் சாந்தத்திலும் நிலைநிறுத்துவாராக. ஊரில் இருக்கிறவர்களையும் தூரத்தில் இருக்கிறவர்களையும் தேவமாதா தம் அடைக்கலத்தில் காப்பாளாக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு